நெஞ்சைப் பார்த்து

“அது வேண்டாம். கீழ வைம்மா,” என்றார் ஹார்லன்.

ஷெல்பி கையிலிருந்த குட்டித் துப்பாக்கியைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். “சின்னதா இருக்கே. சட்டைக்குள்ள வெச்சா வெளிய தெரியாதே?”

“தெரியாதுதான். ஆனா சின்னதுதான் சுடும்போது கையை உதறும். ரெண்டாவது குண்டு எங்க போகும்னு உனக்கே தெரியாது.”

கடைக்காரி நடீன் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாள். ஓக்லஹாமாவின் இந்தச் சின்ன ஊருக்கு அவள் குடிவந்து மூன்று வாரம்தான் ஆகிறது. முன்னால் கடை, பின்னால் சுட்டுப் பழகும் கொட்டகை. காலையிலிருந்து இவர்கள் இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். பெரியவர் ஷெரிப் அலுவலகத்தில் போலீசாக முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

ஷெல்பி துப்பாக்கியின் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். பாதியிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

“மணிக்கட்டுல என்ன?” என்று கேட்டாள் நடீன்.

“ஆகஸ்ட்ல... கதவிடுக்குல மாட்டி...”

“முறுக்கி உடைச்சான்,” என்றார் ஹார்லன். “உள்ளதைச் சொல்லும்மா. அவனுக்காக நீ எதுக்குப் பொய் சொல்ற?”

நடீன் உள்ளே போய், ஸ்பிரிங் இளகின ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். இந்த முறை ஷெல்பியால் முழுக்க இழுக்க முடிந்தது. பெரியவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் துளி சந்தோஷம் இல்லை.

“கைப்பைக்குள்ள வெச்சுக்கறேன்,” என்றாள் ஷெல்பி.

“கூடவே கூடாது! பைப்பர் உன் பையைக் குடையாத நாள் உண்டா? நாலு வயசுக் குழந்தை, மிட்டாய் தேடித்தான் கையை விடும். இடுப்புல, உறையோட இருக்கணும். கழட்டினா நேரா பூட்டுப் பெட்டிக்குள்ள. அலமாரி மேல இல்ல, தலகாணிக்கு அடியில இல்ல. பெட்டி!”

நடீன் சிரித்தாள். “உங்கப்பா கொஞ்சம் கறாரா இருந்தாலும் பேத்திக்காகத்தானே சொல்றாரு.”

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

கொட்டகையில் கறுப்பு மனித உருவம் அச்சடித்த தாள் தொங்கியது. காதுக்கு மூடி போட்டுக்கொண்டு நின்றாள் ஷெல்பி.

“விரல்! சுடறதுன்னு முடிவு பண்ற வரைக்கும் விரல் வெளியதான் இருக்கணும்.”

அவள் சுட்டாள். மூன்று குண்டும் உருவத்தின் தொடைக்குக் கீழே துளைத்தன.

“எங்கம்மா பாக்கற?”

“கால்ல சுட்டா போதாதா? விழுந்துடுவானே...”

பெரியவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“விழ மாட்டான். கோபத்துல இருந்தா அவனுக்கு வலியே தெரியாது. நெஞ்சைப் பாத்து.”

“என்னால முடியாது.”

“முதல்ல அழுவான். குடியை விட்டுட்டேம்பான். பாப்பாவை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்னு வாசல்ல மண்டி போட்டுக் கெஞ்சுவான். போன தடவை அதை நம்பிக் கதவைத் திறந்துவிட்டது நான்தான்.” அவர் குரலை இருமிச் சரிசெய்துகொண்டார். “நெஞ்சைப் பாத்தும்மா.”

“போலீசு வரமாட்டாங்களா சார்?” என்றாள் நடீன், மனசு கேட்காமல்.

“வருவாங்க. நல்ல பசங்க. ஆனா எங்க வீடு இருக்கிற இடத்துக்கு வந்து சேர நாப்பது நிமிஷம் ஆகும். அவனுக்கு நாலு நிமிஷம் போதும்.”

ஷெல்பி அழுதுகொண்டே சுட்டாள். அவர் தேற்றவில்லை. புதுத் தாளை மாட்டிவிட்டு, “மறுபடியும்,” என்றார். மறுபடியும். பிறகு இன்னொரு முறை. கடைசியில் ஐந்து குண்டும் நெஞ்சில், ஒரு கை அகலத்துக்குள் விழுந்தன.

“போதும்,” என்றார். அந்தத் தாளைக் கழற்றிச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். என்ன கல்நெஞ்சு மனுஷனோ என்று நினைத்திருந்த நடீன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

ஷெல்பி படிவத்தை நிரப்பினாள். அவள்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று கம்ப்யூட்டரில் சரிபார்த்ததும் அனுமதி வந்தது. அவள் துப்பாக்கி வைத்த பூட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள்.

ஹார்லன் மட்டும் பின்தங்கி, பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை உருவினார். ஓரமெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. ஏரிக்கரையில், பிடித்த மீனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு சிரிக்கும் இளைஞன்.

“இவன்தான். வியாழக்கிழமை ஜெயில்லேருந்து வர்றான். துப்பாக்கியே தொடக்கூடாதுன்னு கோர்ட் உத்தரவு இருக்கு. இங்க வந்தா எதையும் காட்டாதீங்க. உடனே போலீசுக்குப் போன் பண்ணுங்க. எனக்குப் பண்ணாதீங்க.”

“ஏன் சார்?”

“நான் போய்ப் பேசுவேன். பேசினா மறுபடியும் நம்பிடுவேன்.”

நடீன் போட்டோவைப் பார்த்தாள். எவ்வளவு அழகான சிரிப்பு! “இப்படி ஒரு மருமகனா வந்து வாய்க்கணும் உங்களுக்கு?” என்றாள் ஆற்றாமையோடு.

ஹார்லன் போட்டோவைத் திருப்பி வாங்கி, கட்டைவிரலால் ஒரு தடவை துடைத்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வண்டியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த ஷெல்பியைக் காட்டினார்.

“மருமக அவ. இவன் என் மகன்.”