செபஸ்தியின் பிரஷ்

புகைபோக்கிக்குள் இறக்கிய எவர்சில்வர் குழாயில் படியும் கரியைத் தேய்த்தெடுக்க வருடத்துக்கு ஒருமுறை செபஸ்தி வருவான். கூரையில் உட்கார்ந்து பீடி குடித்துவிட்டு, தேய்த்துவிட்டேன் என்பான். அதனால் வேலை முடிகிறவரை பிரஷ் சத்தமும் அவன் பேச்சும் குழாய் வழியே எனக்குக் கேட்க வேண்டும். கீழே கணப்பு அடுப்புக்குள் தலையை நீட்டி உட்கார்ந்திருப்பேன்.

இந்த முறை சட்டென்று இரண்டும் நின்றன.

“பெரியவரே, போன வருசம் தேய்ச்சது அப்படியே பளபளன்னு கெடக்கு. நெருப்பே மூட்டலையா?”

“ஒருத்தனுக்கு எதுக்குடா நெருப்பு?”

“அப்புறம் என்னை எதுக்கு வரச் சொன்னீங்க?”

“தேய்டா, திருட்டுப் பயலே.”

மேலே தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

“எம் பொண்டாட்டி நேத்து என்ன பண்ணா தெரியுமா...” என்று குரல் இறங்கி வந்தது. பிரஷ் சத்தம் வரவில்லை. நான் தலையை வெளியே எடுக்கவில்லை.