லேசான முனை

பிர்ச் மரங்களுக்கிடையே காலை வெயில் பனிமேல் சாய்ந்து கிடக்கிறது. தான் எய்து, மான் உதறிவிட்டு ஓடிய அம்பை அப்பா குனிந்து எடுக்கிறார். முனையில் மட்டும் ரத்தம்; தோளெலும்பைத் தாண்டவே இல்லை. "என்ன வெர்னன், மானுக்கு ஊசி போட்டியா?" என்று கிளைடு மாமா சிரிக்கிறார். அம்புகளில் கனமான முனைகளை மாட்டத்தான் அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். லேசானவை பயிற்சிப் பலகையில் அழகாகத் தைத்ததால் நான் அவற்றையே மாட்டிவிட்டேன். அப்பா முனையை விரல்களில் எடை பார்க்கிறார், என்னைப் பார்க்கவில்லை. "கை நடுங்கிருச்சுப்பா, என் தப்புதான்" என்கிறார் மாமாவிடம். அவர் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. "வாம்மா, தேடுவோம். பாவம், உசிரோட அலையுது" என்கிறார் என்னிடம். ரத்தச் சொட்டுகளைப் பின்தொடர்ந்து அப்பாவும் மாமாவும் நடக்கிறார்கள். தலை நிமிராமல் பின்னால் போகிறேன்; ரத்தம் தேடுகிறேன் என்றே அவர்கள் நினைக்கட்டும்.