ஏ. அன்புசெல்வன்

வாயில் அடைத்திருந்த துணியை அன்புசெல்வன் துப்பி முடிப்பதற்குள் இரண்டாவது அடி விழுந்தது. இரும்புக் குழாய். முழங்காலுக்குக் கீழே எலும்பு மளுக்கென்றது. பேன்ட் கிழிந்து ரத்தம் ஷூவுக்குள் இறங்கியது.

"மெதுவா ரகு. பேசறதுக்கு உசுரு வோணும்," என்றான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மூடிக்கிடந்த கொட்டகை அது. கூரை ஓட்டைகளில் மத்தியான வெயில் ஒழுகியது. அவரை நாற்காலியோடு பிணைத்திருந்தது கயிறு அல்ல. காலையில் பாராட்டு விழாவில் போர்த்திய பொன்னாடை.

டாக்டர் ஏ. அன்புசெல்வன் தொற்றுநோய்க் கிருமிகளை ஆராய்பவர். அவருடைய ஒரே ஒரு கட்டுரையை உலகம் முழுக்க நாலாயிரம் ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன என்று மேடையில் அறிவித்தபோது, கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது. விழா முடிந்து திரும்பிய அவர் காரை எளாவூர் தாண்டியதும் ஒரு மினி லாரி மடக்கியது.

இரண்டு பேருமே முகத்தை மறைக்கவில்லை. அடையாளம் தெரிந்தவனை இவர்கள் உயிரோடு அனுப்பப் போவதில்லை.

"அந்தப் பேப்பர்ல மருந்து அளவு போட்டுக்கீறியே, அதைப் பாத்துதான் என் பொண்டாட்டிக்கு ஊசி போட்டாங்க," என்றான் கண்ணாடிக்காரன். "ஜொரத்தோட நடந்து போனா. துணி சுத்திக் குடுத்தாங்க."

ஆராய்ச்சி வேறு, வைத்தியம் வேறு என்று அன்புசெல்வன் ஆரம்பித்தார். ரகு உடைந்த காலின் மேல் ஏறி நின்றான். அலறல் வெளியே போன கன்டெய்னர் லாரியின் ஹாரனில் கரைந்தது.

கண்ணாடிக்காரன் சட்டைப் பையிலிருந்து ஒரு சோதனைக் குழாயை எடுத்தான். உள்ளே கலங்கலாக வெள்ளைத் திரவம், வாயில் பஞ்சு அடைப்பு. இடது கையில் குழாய், வலது கையில் லைட்டர். ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோலவே வலது சுண்டுவிரலால் பஞ்சை உருவி, கீழே வைக்காமல் விரல் மடிப்பிலேயே இடுக்கிக்கொண்டு, குழாயின் வாயைத் தீயில் ஒரு சுற்று காட்டினான். அன்புசெல்வன் கண்ணுக்குத் தீ மட்டும்தான் தெரிந்தது.

"நீ எழுதின அதே கிருமி. காயத்துல ரெண்டு சொட்டு வுடறேன். நீ சொன்ன மருந்து உன்னைக் காப்பாத்துதா பாப்போம்."

குழாய் காலை நோக்கிச் சாய்ந்தது. சொட்டு விளிம்புக்கு வந்து நின்றது.

"அந்தப் பேப்பர் என்னோடது இல்ல," என்று கதறினார் அன்புசெல்வன்.

ரகு சிரித்தான். "காத்தால மால வாங்கிக்கினப்போ மட்டும் உன்னோடதா?"

கண்ணாடிக்காரன் குழாயை நிமிர்த்தினான். லைட்டரைப் பையில் போட்டுவிட்டு அந்தக் கையால் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். கழுத்துக்கு மேலே மட்டும்தான் படத்தில் விழுந்தது.

"இதுல சொல்லு. ஒண்ணு வுடாம சொல்லு."

அன்புசெல்வன் சொன்னார். அதே பெயரில், அதே துறையில் இன்னொருவன் இருந்தான். இணையத்தில் இருவருடைய கட்டுரைகளும் ஒரே பக்கத்தில், ஒரே ஆள் கணக்கில் சேர்ந்துவிட்டன. திருத்தச் சொல்லி எழுதத்தான் நினைத்தார். அதற்குள் பதவி உயர்வு வந்தது, பிறகு விருது வந்தது. அப்படியே விட்டுவிட்டார்.

அந்த இன்னொருவன் புகார் கொடுத்தபோது, அவன்தான் போலி என்று அவன் கல்லூரிக்கு எழுதினார். பெரிய பதவியில் இருப்பவர் சொன்னதால் நம்பினார்கள். அவனை வேலையை விட்டுத் துரத்தினார்கள்.

"ஒரே பேரு சரி. இனிஷியல் கூடவா ஒண்ணு?" என்றான் கண்ணாடிக்காரன்.

"இங்கிலீஷ்ல ரெண்டு பேருக்கும் ஏ-தான். தமிழ்ல எழுதினா நான் அ, அவன் ஆ. என் அப்பா அருணாசலம். அவன் அப்பா பேரு ஆசீர்வாதம்."

"அவனைப் பாத்துக்கீறியா?"

"இல்ல. அவன் போன் பண்ணா எடுக்கவே மாட்டேன்." மூச்சிரைத்தது அவருக்கு. "ஊத்துக்கோட்டைப் பக்கம் டியூஷன் எடுக்கறானாம். உன் மனைவி சாவுக்கு அவன்தாம்பா காரணம். அவனைப் பிடிச்சு என்ன வேணா பண்ணிக்கோ. என்னை விட்டுடு."

கண்ணாடிக்காரன் பதிவை நிறுத்தினான். கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு, பல்கலைக்கழகத்துக்கு, விருது கொடுத்த குழுவுக்கு என்று ஒவ்வொன்றாக அனுப்பினான். போன் ஒவ்வொரு முறையும் சின்னதாகச் சிணுங்கியது.

பிறகு சோதனைக் குழாயை உதட்டில் வைத்து ஒரே மடக்கில் குடித்தான்.

அன்புசெல்வனுக்குக் காலின் வலி மறந்துபோயிற்று.

"கஞ்சித் தண்ணி," என்றான் வாயைத் துடைத்துக்கொண்டே. "உப்புதான் கம்மி. என் பொண்டாட்டி இப்பவும் ஊட்ல நல்லாதான் கீறா. அந்தப் பேப்பர்ல ஒரு புள்ளி தப்பு கெடையாது சார்."

"அது... உனக்கு எப்படித் தெரியும்?"

கண்ணாடிக்காரன் பஞ்சைச் சுண்டுவிரலிலிருந்து எடுத்து, காலிக் குழாயை நிதானமாக அடைத்தான்.

"ஆசீர்வாதம் எங்க நைனா."