கேரியரில் ஒருவன்

ஊர்த் தெரு தொடங்கும் இடத்தில் சாத்தையா சைக்கிளைவிட்டு இறங்குகிறான். அவன் சனத்தில் யாரும் இந்தத் தெருவில் செருப்புப் போடுவதில்லை, சைக்கிள் மிதிப்பதில்லை. செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு தள்ளுகிறான். காரைக்குடிக் கல்லூரியிலிருந்து கேரியரில் வரும் தங்கச்சாமி இந்தத் தெருக்காரன், அவன் இறங்கவில்லை. நாளை இருவருக்கும் பரீட்சை. போன வருஷம் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்கக் கறுப்பர் தலைவரின் ‘எனக்கொரு கனவு’ பேச்சுதான் பாடம்.

“ஒரே வரியிலயே ஏன்டா திரும்பத் திரும்ப ஆரம்பிக்கிறாரு?” தங்கச்சாமி பாடத்தாளால் விசிறிக்கொள்கிறான். சாலையில் வாடா போடா என்று பேசிவந்த சாத்தையாவின் குரல் இங்கே தணிகிறது. “ஒரு தடவ சொன்னா காதோட போயிரும். சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் மனசுல தைக்கும்ங்க.” “இது போதும், முழு மார்க்குதான்!” தங்கச்சாமி கண்ணை மூடி அதையே முணுமுணுக்கிறான். பொழுது சாய்ந்தும் மண் சுடுகிறது. வாசல்களில் பேச்சு நிற்கிறது. சாத்தையாவின் வெறுங்காலைப் பார்த்த பிறகு தொடர்கிறது.

“கொஞ்சம் எறங்கி நடந்து வாங்க.” முணுமுணுப்பு நிற்கவில்லை. “கொஞ்சம் எறங்கி நடந்து வாங்க.” சக்கரம் கிறீச்சிடுகிறது. “கொஞ்சம் எறங்கி நடந்து வாங்க.”

தங்கச்சாமி கண்ணைத் திறக்கிறான். “என்னடா, சொன்னதையே சொல்லிக்கிட்டு வாரே? தள்ளு.”