ஞாயிற்றுக்கிழமை வசனம்

“கோயிலே கதின்னு கெடந்த பிள்ளைய அந்தப் பய கெடுத்துப்புட்டான் அத்தான்!”

மகனின் சட்டையை முகர்ந்து பார்த்த தேவகிருபை அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சாராய வாடை. அதுவும் நேற்று ஆராதனைக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையில்.

“எந்தப் பய?” என்றார் தேவப்பிரியம். ராயபுரத்தில் மளிகை மொத்தக் கடை வைத்திருப்பவர்.

“வியாசர்பாடி வல்லரசுதான். ஜோபின் ஆபீஸ்ல கூட வேல பாக்கானே, அவன். நம்ம கடை இசக்கிப்பாண்டி நேத்து கண்ணால பாத்திருக்கான். அவன் பைக்குல நம்ம பிள்ள தலையத் தொங்கப்போட்டுட்டு வந்துச்சாம்.”

“கோயிலுக்குப் போயிட்டுதானே வந்தான்? சாப்பிடும்போது வசனம் சொன்னானே!”

அது அந்த வீட்டுச் சட்டம். பெற்றோர் முதல் ஆராதனைக்குப் போவார்கள், ஜோபின் இரண்டாவதற்கு. சோற்றில் கை வைக்கும் முன் அன்றைக்குக் கேட்ட பிரசங்கத்தை அவன் சொல்லியாக வேண்டும். செல்போனில் ஆராதனை காட்டும் நாகரிகம் அந்தச் சபைக்கு இன்னும் வரவில்லை. அதனால் ஏமாற்றவே முடியாது என்பது தேவகிருபையின் நம்பிக்கை.

“சொன்னான். எப்படிச் சொன்னான்? ‘இயேசு சகேயு வூட்டுக்குப் போனாரு’ன்னான். வூட்டுக்காம் வூட்டுக்கு! அவனோட சேந்து நாக்கே மாறிப்போச்சு. சபைச் செயலாளர் மகன் அலெக்ஸாண்டர்கூடக் கோயிலுக்குப் போறதாலதான் பிள்ள இந்த மட்டும் நிக்கான். தங்கமான பய அவன்.”

சொல்லிவிட்டு அழுதாள். அவளுடைய தம்பியும் ஒருநாள் இப்படித்தான் சட்டையில் வாடையோடு வந்தான். முப்பத்தொரு வயதில் ஈரல் கெட்டு, மஞ்சள் பூத்த கண்ணோடு அவள் மடியிலேயே செத்தான். அந்தக் கண் இப்போது அவள் நினைவில் ஜோபினின் முகத்தில் தெரிந்தது.

அன்று சாயங்காலமே இசக்கிப்பாண்டியிடம் வழி கேட்டுக்கொண்டு வல்லரசு வீட்டுக்கு ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டாள். கோபப்படக் கூடாது, கெஞ்ச வேண்டும். ‘உங்க பிள்ளைய எங்க பிள்ளைகிட்ட இருந்து கொஞ்சம் விலகி இருக்கச் சொல்லுங்க. எங்க பிள்ள கெட்டுப்போயிருவானோன்னு பயமா இருக்கு.’

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. படிக்கட்டில் நாலைந்து வாலிபர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். தேவகிருபை முந்தானையை இழுத்துக் கழுத்துச் சங்கிலியை மூடிக்கொண்டு ஏறினாள். ஒருவன் எழுந்து பின்னாலேயே வந்தான். ஆண்டவரே, ஆண்டவரே என்று அவள் உதடு மட்டும் அசைந்தது.

“ஆன்ட்டி! அந்தாண்ட படி ஒடஞ்சி கீது. செவுத்தோரமா போங்க.”

அவன் இறங்கிப் போய்விட்டான். அவள் சுவரோரமாக ஏறினாள்.

கதவைத் திறந்தவள் வல்லரசுவின் அம்மா யசோதரா. அங்கன்வாடியில் வேலை, அப்போதுதான் வந்திருந்தாள் போலிருக்கிறது.

“நான் ஜோபினோட அம்மா.”

யசோதராவின் முகம் வெளுத்தது. சட்டென்று உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

“நீங்களே வந்துட்டீங்களா யக்கா! நானே வர்லாம்னு இருந்தேன். பயந்துகினு கெடந்தேன்.”

இவள் எதற்குப் பயப்பட வேண்டும்? மகன் செய்கிற வேலை தாய்க்கும் தெரிந்திருக்கிறது! தேவகிருபை மனப்பாடம் செய்த வாக்கியத்தைத் தொண்டைக்குள் தேடினாள். அதற்குள் யசோதரா அலமாரியில் புத்தர் சிலைக்குப் பக்கத்திலிருந்த ஒரு நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

“இத்தப் பாருங்க.”

நேற்றைய தேதி போட்டிருந்தது. ‘சகேயு குள்ளமான ஆளு. மரத்துல ஏறிக்கினான். இயேசு சகேயு வூட்டுக்குப் போனாரு. பாவி வூட்ல இன்னா வேலைன்னு ஜனங்க மொணமொணத்தாங்க.’

தேவகிருபை பக்கங்களைத் திருப்பினாள். எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள். ஜோபின் சாப்பாட்டு மேஜையில் சொன்ன ஒவ்வொரு வசனமும் இருந்தது. கையெழுத்து மட்டும் அவனுடையது இல்லை.

“இது... யாரு எழுதினது?”

“எம்புள்ளதான். வாராவாரம் உங்க கோயில்ல கடைசி பெஞ்சில குந்திகினு எழுதிகினு வரான். உங்க புள்ள அந்த அலெக்ஸாண்டரோட எண்ணூர்ல ஒரு ரூமுக்குக் குடிக்கப் பூடுது. கோயில் முடிஞ்சதும் இவன் அங்க போயி, அத்த வண்டில ஏத்தி, மூஞ்சி கழுவி வுட்டு, இத்தப் படிக்கக் குடுத்து, உங்க வூட்டாண்ட எறக்கி வுடுறான்.”

அலெக்ஸாண்டர். ‘தங்கமான பய’ என்று அவளே சொன்னவன். தேவகிருபை நோட்டை மூடினாள்.

“எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“நானும் அத்தத்தான் கேட்டேன். ‘அவங்க தம்பி குடிச்சே செத்துச்சாம், தெரிஞ்சா அந்தம்மா தாங்காது’ன்றான். ‘சரி, அவன வுட்டுட்டு நீ வாடா’ன்னேன். ‘நானும் வுட்டுட்டா அவனுக்கு யாரும்மா கீறாங்க?’ன்றான்.”

யசோதரா தேவகிருபையின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“தப்பா நெனச்சிக்காதீங்க யக்கா. எம்புள்ள பொய்யே பேச மாட்டான். இப்ப வாராவாரம் பொய்க்குத் தொணை போறான். எனக்கும் ஒரே புள்ள. உங்க புள்ளைய அவனாண்ட இருந்து கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுங்க. எம்புள்ள கெட்டுப் பூடுவானோன்னு பயமா கீது.”