சக்கரம் தரையில் படுமுன்

“அம்மா உள்ள உசுருக்குப் போராடிட்டுக் கெடக்கு. நீ ஜீப்புக்கு வைத்தியம் பாக்குறியாப்பா?”

சுகந்தி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சன்னல்கள் திறந்தன. மூடியிருந்தன என்றும் சொல்ல முடியாது. ஒருக்களித்துத்தான் இருந்தன.

அவன் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். தெருவுக்குத் தெரிந்தது கால்கள் மட்டும்.

“பட்டையில இருக்குற ரப்பர் புஷ்ஷு தேஞ்சு போச்சுத்தா. அதான் தூக்கித் தூக்கிப் போடுது. மாத்திட்டா அம்மாவுக்கு அலுங்காது.”

“வாடகைக்குக் கார் பிடிப்பா.”

“எவன் கார்லயோ ஏத்திவிடவா அவளைக் கட்டுனேன்?”

எதிர்வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சிரிக்கமாட்டார்களா? ஏலத்தோட்டத்துக்கு ஊர் சனத்தையே ஏற்றி இறக்குகிறவன், பெண்டாட்டி பவுன்தாயை ஒரு திருவிழாவுக்குக்கூட அதில் ஏற்றியதில்லை. முதுகெலும்பில் புற்று என்ற பிறகுதான் ஏற்றினான். மதுரை ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்க.

போன தடவை அவள் அலறல் தெரு முக்கிலேயே தொடங்கிவிட்டது.

தேய்ந்த ரப்பர் கருகிய தோசை மாதிரி பிய்ந்து வந்தது. சோப்புத் தண்ணீர் தடவிப் புதுசை அடித்து ஏற்றினான்.

ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் நின்று, பாரம் உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டை முறுக்க வேண்டும். தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு கிழியும். ஜீப் ஸ்டாண்டில் எல்லோருக்கும் பாடம் எடுக்கிறவன் அவன்தான்.

உள்ளே பவுன்தாய் முனகினாள்.

தொங்கும்போதே முறுக்கிவிட்டான்.

பின்னால் மெத்தை விரித்து, மகள் மடியில் தலை வைத்துப் படுக்கவைத்தார்கள். தூக்க வந்தவர்கள் பாதி, பார்க்க வந்தவர்கள் பாதி.

தெரு முக்குப் பள்ளத்தில் சக்கரம் இறங்கியது.

அலறல் இல்லை.

கண்ணாடியில் பார்த்தான். பவுன்தாய் முந்தானையைச் சுருட்டிப் பல்லிடுக்கில் வைத்திருந்தாள். கண்ணோரம் நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் பார்ப்பது தெரிந்ததும் துணியை எடுத்தாள்.

“அலுங்கவே இல்லீங்க.”

மறு வாரமே ரப்பர் கிழிந்து, பழைய சத்தம் வந்துவிட்டது. அவன் மறுபடி கழற்றவில்லை. கழற்றினால் அவள் சொன்னது பொய் என்றாகிவிடும். அவளும் விடாமல், ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னாள்.

ஆடியில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

தையில் சுகந்தியைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தான். மறுவீடு முடிந்து இருவரையும் பஸ் ஏற்றிவிட அவனேதான் ஓட்டினான். பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போது, திரும்பாமல் கேட்டான்.

“அலுங்குதா ஆத்தா?”

“ரொம்பத் தூக்கிப் போடுதுப்பா.”

வண்டியை ஓரம் கட்டினான். இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தின் அருகே குத்தவைத்தான். வெகுநேரம் எழவில்லை.

ஏதோ போல்ட் கழன்றுவிட்டது போல என்று புது மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.