அச்சின் மேல் என் உள்ளங்கை

கையை எடுத்தால் மாமா பார்த்துவிடுவார். அதனால் அந்தப் பழைய லொறி அச்சின் மேல் உள்ளங்கையை அழுத்தியபடியே மண்ணில் குந்திவிட்டேன். விரலிடுக்கெல்லாம் கிறீஸ் அப்பியது.

"என்ன புள்ள, தலை சுத்துதா?"

"இல்ல மாமா. வெயில்தான்."

ஏறாவூரில் பதியுதீன் காக்காவின் பழைய இரும்பு வளவு அது. யோகராசா மாமா உழவு மெசினுக்குப் பின்னால் இழுக்கிற பெட்டி கட்டுகிறவர். ரோடே இல்லாத வயல் வட்டைச் சேற்றுக்குள் நெல் மூட்டை ஏற்றிப்போக லொறி அச்சுத்தான் தாங்கும். தனியாகப் போகிற ஆம்பிளையைச் சோதனைச் சாவடியில் ஆமி இறக்கிவிடுவான் என்று, எங்கே போனாலும் என்னைக் கூட்டித்தான் போவார்.

என் கைக்குக் கீழே, புள்ளி புள்ளியாகக் குத்திய ஒரு 'க' இருந்தது. கண்ணகை என்ற என் பெயரின் முதல் எழுத்து.

மாசியில், அப்பா தன் லொறியில் கடைசியாகப் போவதற்கு முதல் நாள், கல்லடியில் இந்த அச்சுக்கு வெல்டிங் பிடித்தார். இரும்பு ஆறுமுன்பே கூர் ஆணியால் அந்த எழுத்தைக் குத்திவிட்டு, "இனி நீதான் மகள் லொறியத் தாங்குற" என்று சிரித்தார்.

மறுநாள் வாழைச்சேனைக்கு அங்கால், காட்டு ரோட்டில் லொறியோடு எரிந்துபோனார். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதும், மண்முட்டியில் சாம்பலை அள்ளி வந்ததும் மாமாதான். அன்றைக்கே அம்மா தாலியைக் கழற்றினார். இன்றைக்கும் வீட்டில் அடுப்புப் புகைந்தால் மாமா முற்றத்துக்குப் போய் நின்றுவிடுவார். அவருக்கு இந்த எழுத்தை எப்படிக் காட்டுவேன்?

"இது வேணாம் மாமா. வளைஞ்சி கிடக்கு."

பதியுதீன் காக்கா சிரித்தார். "விலையக் குறைக்க நல்ல ஆளாப் பாத்துத்தான் கூட்டி வந்திருக்கீங்க தம்பி. மருமகள இஞ்ச விட்டுட்டுப் போங்க, நான் சம்பளம் குடுக்கன்."

மாமா நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். அச்சு நேராக இருந்தது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். அந்த அதிர்வு என் உள்ளங்கை வழியே பல் வரைக்கும் ஏறியது.

"எரிஞ்ச லொறிட சாமானா காக்கா? அப்பிடியெண்டா எனக்கு வேணாம். நெருப்புத் திண்ட அச்சு பாரம் ஏத்தினா தொய்ஞ்சிரும்."

காக்கா ஓம் என்று சொல்லிவிடவேண்டும் என்று மாமாங்கேஸ்வரரைக் கும்பிட்டேன். சொன்னால் மாமா இதைப் போட்டுவிட்டு வந்துவிடுவார். எழுத்தை எப்போதும் காணமாட்டார்.

"ஆரோ கொண்டுவந்து போட்டுட்டுப் போறான், நான் என்னத்தக் கேக்கிற? கண்ணு இருக்கில்லையா, நீங்களே பாருங்க."

மாமா சில்லுப் பூட்டுகிற இடத்துக்குள் விரலை விட்டு வழித்தார். மூக்குக்குக் கிட்ட வைத்து மணந்தார். அவர் முகம் தெளிந்தது. மாசிக்குப் பிறகு அந்த முகத்தை நான் கண்டதில்லை.

"ஓம் காக்கா, நல்ல சாமான். கிறீஸ் பச்சையாக் கிடக்கு. றப்பர் சீலும் மெத்தெண்டு இருக்கு. லொறி எரிஞ்சா முதல்ல உருகிற இதுதானே. நட்டையெல்லாம் ஸ்பனர் போட்டு ஆறுதலா, ஒவ்வொண்டாக் கழட்டி இருக்கானுகள். இது நெருப்பக் காணாத அச்சு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "எழும்பு புள்ள, ஏத்துவம்."

நான் எழும்பவில்லை. கையை மட்டும் எடுத்தேன்.

மாமா எழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிறீஸ் பூசிய அவர் விரல் அந்தரத்தில் அப்படியே நின்றது.

"அப்பாட அச்சு," என்றேன். "மாமா, நீங்க முட்டிக்குள்ள அள்ளி வந்த சாம்பல் ஆருட?"